மலைமேல் ஒரு கல்லூரியும் அதன் காற்பந்தாட்டமும்

முன்னுரை

வென்றவர் கதையைக் கேட்க யாவரும் விரும்புவர். தோற்றவர் கதையைக் கேட்பார் சிலரே. ஒரே கூட்டத்தார் முன்னர் வென்று பின்னர்த் தோற்ற கதையோ கேட்டற்கு இனிதன்றாயினும், கற்பார்க்கு மிக்க பயன் தருவதாம். அத்தகைய கதை ஒன்றை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். அஃது அமெரிக்க நாட்டில் டென்னஸி மாகாணத்து மலையொன்றின் மேல் அமைந்த ஸெவானி என்னும் சிற்றூர்க் கல்லூரியின் காற்பந்தாட்ட வரலாறாகும்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு அமெரிக்கர் ஆடும் பந்தாட்டத்தோடு யாது தொடர்பு என்று நண்பர் சிலர் எம்மை வினவினர். திருச்சபையார் நிறுவிய சிறு கல்லூரி ஒன்று, தன்னிற் பன்மடங்கு பெரிய கழகங்களோடு எதிர்நின்று, புகழும் பழியும் ஒருங்கே எய்தி, முடிவில் தான் எதற்காக நிறுவப்பட்டது என்பதை உணர்ந்து தன் வழியே நின்ற செய்தி, இத்தகைய கல்லூரியில் பயிலும் நமக்கும் உரிய பாடமே என்பது எம் விடை. அப்பாடம் யாதென்பது கட்டுரையின் ஈற்றில் விளங்கும்.

கல்லூரியின் தோற்றம்

இக்கல்லூரிக்குத் தென்னாட்டுப் பல்கலைக்கழகம் என்பது முறையான பெயர். ஊர்ப்பெயராகிய ஸெவானி என்பதே வழக்கில் நிலைத்துவிட்டது. எப்பிஸ்கோப்பல் திருச்சபையின் தென்னாட்டு அத்தியட்சர்கள் 1857-ஆம் ஆண்டில் இதனை நிறுவத் துணிந்தனர். கம்பர்லண்டு பீடபூமியின் உச்சியிற் காடடர்ந்த பெருநிலப் பரப்பு இதற்கெனப் பெறப்பட்டது. 1860-இல் மூலைக்கல் நாட்டினர். அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. போரின் நடுவே அக்கல் தகர்க்கப்பட்டது. திரட்டிய பொருளும் அழிந்தது. நிறுவினோருள் ஒருவராகிய லியோனிடஸ் போக் என்னும் அத்தியட்சர், தென்னாட்டார் படையிற் சேனாபதியாகி, 1864-இற் போர்க்களத்தில் மாண்டார்.

போர் ஓய்ந்தபின் சார்லஸ் குவின்டார்ட் என்னும் அத்தியட்சர் இங்கிலாந்து சென்று பொருள் ஈட்டி வந்தார். 1868-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒன்பது மாணவரும் நான்கு ஆசிரியருமாகக் கல்லூரி திறக்கப்பட்டது.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. இதனை நிறுவிய பெருமக்களுட் பலர் அடிமைகளை உடையவராயிருந்தனர். போக் அத்தியட்சர் நூற்றுக்கணக்கானோரை அடிமை கொண்டிருந்தார். கல்லூரியும் நெடுங்காலம் வெள்ளையர் ஆண்மக்களுக்கே உரியதாயிருந்தது. இனி யாம் கூறப்போகும் வெற்றிகளை ஈட்டிய இளைஞர் அனைவரும் அவ்வேலிக்குள் நின்றவரே. 2020-ஆம் ஆண்டில் அக்கல்லூரியின் ஆளுநர் குழுவினர், அடிமைமுறையைக் காக்க எழுந்த அரசைத் தம் கல்லூரி முன்னாட்களிற் போற்றி வந்தது தவறு என்று வெளிப்படையாக அறிக்கையிட்டு, அதனை மறுத்தனர். புகழைப் பாடுவோர் இதனையும் சேர்த்தே கூறுதல் நேர்மையாகும்.

ஆட்டத்தின் இயல்பு

நம் நாட்டிற் காற்பந்து என்பதும் அமெரிக்கர் காற்பந்து என்பதும் பெயரளவில் ஒன்றேயன்றி ஆட்டத்தால் வேறாம். பின்னது இங்கிலாந்து தேயத்து ரக்பி ஆட்டத்தினின்றும் கிளைத்தது. பந்து முட்டை வடிவானது. காலால் உதைத்தலும் உண்டாயினும், கையிற் பற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுதலே பெரும்பான்மை. பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். பந்துடையான் எதிரியின் எல்லைக்கோட்டை நோக்கி விரைவான். எதிரிகள் அவனைக் கட்டிப் பிடித்து நிலத்திற் சாய்ப்பர். பந்து எல்லைக்கோட்டைக் கடந்து சேர்ந்துவிடின் அதற்கு டச்டவுன் என்று பெயர்.

1899-ஆம் ஆண்டு விதிகள் இக்காலத்தன போன்றன அல்ல. டச்டவுனுக்கு இன்று 6 புள்ளிகள்; அன்று 5 புள்ளிகளே. அதன்பின் பந்தைக் கம்பங்களினிடையே உதைத்துச் செலுத்தினால் மேலும் 1 புள்ளி கிட்டும். களத்தின் நீளம் 110 கெஜம். மூன்று முயற்சிகளுள் 5 கெஜம் முன்னேறாவிடின் பந்தை எதிரிக்கு விடவேண்டும். பந்தை முன்னோக்கி எறிதல் 1906-ஆம் ஆண்டு வரையில் விலக்கப்பட்டிருந்தது. ஆதலின் வீரர் ஒருவரையொருவர் நெருக்கித் தள்ளியே ஓரோர் அடியாக முன்னேறவேண்டும். இக்காலத்திற் பந்து தம்மிடம் உள்ளபோது ஆட ஒரு கூட்டமும், எதிரியிடம் உள்ளபோது தடுக்க மற்றொரு கூட்டமும் மாறி மாறி இறங்குவர். அக்காலத்திலோ அந்தப் பதினொருவரே தாக்கலும் தடுத்தலும் செய்வர். களத்தை விட்டு நீங்கியவன் அவ்வாட்டத்தில் மீண்டும் புகுதல் இயலாது. அரைப்பகுதி ஒன்றுக்கு 35 நிமிடமாக 70 நிமிடம் ஆட்டம் நிகழும். தலைக்குத் தக்க காப்பும் இல்லை. இவற்றை மனத்திற் கொண்டாலன்றி மேல்வரும் செய்தியின் அருமை புலப்படாது.

ஆறு நாட்களில் ஐந்து வெற்றி

ஸெவானி மாணவர் 1891-ஆம் ஆண்டில் அயற்கல்லூரிகளோடு இவ்வாட்டத்தை ஆடத் தொடங்கினர். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் சட்டனூகா நகரிற் டென்னஸிப் பல்கலைக்கழகத்தார் தம் முதல் ஆட்டத்தை இவர்களோடு ஆடி, 24-க்கு 0 என்ற கணக்கில் தோற்றனர். நாஷ்வில் நகரத்து வாண்டர்பில்ட் கல்லூரியார் ஸெவானியார்க்கு நெடுநாட் போட்டியாளராயினர்.

1899-ஆம் ஆண்டில் நுழைவுப் பணத்தைப் பங்கிடுதல் பற்றி அவ்விரு கல்லூரிக்கும் பிணக்கு விளைந்தது. அவ்வாண்டு இருதிறத்தாரும் ஆடவில்லை. வாண்டர்பில்ட் ஆட்டத்தால் வரும் வருவாயே குழுவின் செலவைத் தாங்குவது. அது நின்றுவிடவே பொருளுக்கு வேறு வழி தேட வேண்டியதாயிற்று. அப்போது மாணவராயிருந்து குழுவின் காரியங்களை நடத்தி வந்தவர் லூக் லீ என்னும் இளைஞர். அவர், ஒரே புகைவண்டிப் பயணத்தில் ஐந்து பெருங்கழகங்களோடு அடுத்தடுத்து ஆடுதல் எனத் திட்டம் வகுத்தார். வழி ஏறத்தாழ 2,500 மைல். அங்ஙனமாக, பெரிதும் போற்றப்படும் இவ்வீரச்செயல் பணமுடையிலிருந்தே பிறந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பில்லி சூட்டர் என்பார் பயிற்றாசிரியர். ஹென்றி சைபல்ஸ் குழுவின் தலைவர். குழுவில் இருந்தோர் 21 பேர். அயலூர் நீர் உடம்புக்கு ஒவ்வாது என்று அஞ்சித் தம் மலையூற்று நீரைப் பீப்பாய்களில் அடைத்து உடன் கொண்டு சென்றனர் என்றும், ஆட்டத்துக்குரிய பாதரட்சைகளை மறந்து புறப்பட்டுவிடவே தந்தி கொடுத்து அவற்றைப் பின்வந்த வண்டியில் வருவித்தனர் என்றும் அக்கல்லூரியார் வழிவழியாகக் கூறி மகிழ்வர்.

நவம்பர் 9, வியாழக்கிழமை, ஆஸ்டின் நகரில் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தாரை 12-க்கு 0 என வென்றனர். அன்றிரவு வண்டியேறி மறுநாள் 10-ஆம் தேதி ஹூஸ்டன் நகரில் டெக்ஸஸ் ஏ. அண்டு எம். கல்லூரியாரை 10-க்கு 0 என வென்றனர். 11-ஆம் தேதி சனிக்கிழமை நியூ ஆர்லியன்ஸ் நகரில் டுலேன் பல்கலைக்கழகத்தார் 23-க்கு 0 எனத் தோற்றனர். 12-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையாதலின் ஆட்டமில்லை. 13-ஆம் தேதி பேட்டன் ரூஜ் நகரில் லூயிஸியானா அரசினர் பல்கலைக்கழகத்தாரை 34-க்கு 0 எனவும், 14-ஆம் தேதி மெம்பிஸ் நகரில் மிஸிஸிப்பிப் பல்கலைக்கழகத்தாரை 12-க்கு 0 எனவும் வென்று மலைக்கு மீண்டனர்.

ஆறு நாட்களில் ஐந்து ஆட்டம், ஐந்தும் வெற்றி. ஸெவானியார் ஈட்டிய புள்ளிகள் 91. எதிரிகள் ஐவரும் ஈட்டியது ஒன்றுமில்லை. ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் ஓய்ந்தனர் என்று வேதாகமச் சொல்லை நினைவூட்டி இதனை உரைத்தல் அந்நாட்டார் வழக்கம். நாட்களை எண்ணிப் பார்ப்பின், ஓய்ந்தது நான்காம் நாளே என்பது புலனாம். அணிநலம் குன்றினும் கணக்குப் பிழையாமை நன்று.

அவ்வாண்டு முழுமையும் ஆடிய ஆட்டங்கள் 12. பன்னிரண்டும் வெற்றியே. மொத்தம் 322 புள்ளிகள் ஈட்டினர். எதிரிகளுக்கு விட்டவை 10. அப்பத்தையும் பெற்றவர் ஆபர்ன் கல்லூரியார் ஒருவரே. நவம்பர் 30-இல் மாண்ட்காமரி நகரில் நிகழ்ந்த அவ்வாட்டத்தில் ஸெவானியார் 11-க்கு 10 என ஒரே புள்ளியால் தப்பினர். ஆபர்ன் குழுவின் பயிற்றாசிரியர், பிற்காலத்திற் பெரும்புகழ் எய்திய ஜான் ஹைஸ்மன் ஆவார். இரண்டு நாட் கழித்து அட்லாண்டா நகரில் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தாரை 5-க்கு 0 என வென்று ஆண்டை நிறைவு செய்தனர்.

லூக் லீயின் பிற்கால வாழ்வும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. அவர் 1907-இல் நாஷ்வில் நகரிற் செய்தித்தாள் ஒன்றை நிறுவினார்; 1911 முதல் 1917 வரை அமெரிக்க மேற்சபை உறுப்பினராயிருந்தார். முதல் உலகப்போர் முடிந்தபின், 1919 ஜனவரியில், ஹாலந்து தேயத்திற் புகலடைந்திருந்த ஜெர்மானியச் சக்கரவர்த்தியைப் பிடித்துவரத் தோழருடன் சென்று வெறுங்கையராய்த் திரும்பினார். பின்னர் வங்கி வழக்கொன்றிற் குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்றுச் சிறை புகுந்து, 1937-இல் மன்னிப்பு அடைந்தார். துணிவே துணையாகக் கொண்டு மலையிலிருந்து இறங்கிய இளைஞனை, அத்துணிவே உயர்த்தவும் தாழ்த்தவும் செய்தது போலும்.

முப்பத்தேழு தோல்விகள்

புகழ் நெடுநாள் நிலைக்கவில்லை. 1909-ஆம் ஆண்டிலும் ஸெவானியார் தென்னாட்டுக் கல்லூரிகளுள் முதன்மை பெற்றனர். அதன்பின் காலம் மாறியது. மாகாண அரசுகளின் பல்கலைக்கழகங்கள் வரிப்பணத்தால் வளர்ந்தன. மாணவர் தொகை ஆயிரக்கணக்காயிற்று. பெருந்திரள் அமர்ந்து காணும் ஆட்டரங்குகள் எழுந்தன. மலைமேற் கல்லூரியிலோ மாணவர் சில நூற்றுவரே. களத்தில் இறங்குவோர் இருதிறத்தும் பதினொருவரேனும், அவர்களைத் தெரிந்தெடுக்கும் தொகை ஒத்ததன்று. ஆட்டவிதிகள் மாறி, இளைத்தவர்க்கு மாற்றாக இறங்கப் பலர் தேவைப்பட்டபோது, அவ்வேற்றத்தாழ்வு இன்னும் மிகுந்தது.

1932 டிசம்பர் மாதத்தில் பதின்மூன்று கழகங்கள் சேர்ந்து தென்கிழக்கு மாநாடு என்னும் ஆட்டச்சங்கத்தை அமைத்தன. அலபாமா, ஜார்ஜியா, டென்னஸி, லூயிஸியானா முதலிய பெருங்கழகங்களோடு ஸெவானியும் பழம்புகழ் பற்றி அதில் உறுப்பாயிற்று. 1933 முதல் 1940 வரை எட்டு ஆண்டுகளிற் சங்கத்து உறுப்பினரோடு ஸெவானியார் ஆடிய ஆட்டங்கள் 37. முப்பத்தேழிலும் தோல்வியே. ஒன்றேனும் வென்றிலர், ஒன்றேனும் சமமாக முடிந்ததுமில்லை. முன்னர் ஆறு நாட்களில் தாம் வென்றவருள் டுலேன், லூயிஸியானா, மிஸிஸிப்பி என்னும் மூவரும் அச்சங்கத்தில் இருந்தனர் என்பதை எண்ணும்போது, ஊழின் வலிமை நினைவுக்கு வருகின்றது.

ஆயினும் இது முற்றும் ஊழன்று; காரணமும் உண்டு. ஆட்டத்திறம் ஒன்றையே நோக்கி இளைஞர்க்கு உதவிப்பணம் அளித்தலை அச்சங்கம் 1935-ஆம் ஆண்டில் வெளிப்படையாக இசைந்தது. பொருள் மிக்க கழகம் வலிய வீரரைப் பெறும், பொருளற்றது தோற்கும். ஸெவானியின் முன்னர் இரண்டு வழிகளே இருந்தன. நூலகத்துக்கும் ஆசிரியர்க்கும் உரிய பணத்தை ஆட்டக்காரர்க்குச் செலவிட்டுப் பெருங்கழகங்களோடு ஓடுதல் ஒன்று. பெருமை வாய்ந்த சங்கத்தை விட்டு விலகுதல் மற்றொன்று.

1938 முதற் கல்லூரியின் தலைமை பூண்டிருந்தவர் அலெக்ஸாண்டர் கெரி. அவர் விலைகொடுத்து வீரரைச் சேர்த்தலை வெறுத்தவர். ஆட்டம் மாணவர்க்காக இருத்தல் வேண்டுமேயன்றி, மாணவர் ஆட்டத்துக்காக இருத்தல் தகாது என்பது அவர் கொள்கை. அவர் தலைமையில், 1940 டிசம்பர் மாதத்தில், ஸெவானி அச்சங்கத்தினின்றும் விலகியது. முன்னாண் மாணவர்க்கு இது எளிதாயிருந்திராது. தம் தந்தையர் வென்றவர்களிடம் தாம் இனி ஆடுவதுமில்லை என்று ஒப்புக்கொள்ளுதல், தோல்வியிற் கசப்பான தோல்வியன்றோ?

விலகியும் விடாமை

ஈண்டு ஓர் ஒப்புமை கூறுவோம். சிக்காகோப் பல்கலைக்கழகமும் ஒருகாலத்திற் காற்பந்தாட்டத்தில் முதன்மை பெற்று, பின்னர்த் தொடர்ந்து தோற்றது. அதன் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் 1939 டிசம்பரில் கல்லூரிக் குழுவையே கலைத்துவிட்டார். முப்பது ஆண்டு கழித்தே அஃது அங்கு மீண்டும் நிறுவப்பட்டது. கல்வியே பெரிது என்ற கருத்து இரு தலைவர்க்கும் ஒன்றே. ஒருவர் ஆட்டத்தை ஒழித்தார். மற்றவரோ ஆட்டத்தை வைத்துக்கொண்டு அதன் மேல் ஏறியிருந்த சுமையை இறக்கினார். இரண்டனுள் பின்னதே அரிய செயல் என்பது எம் துணிபு. நோய் கண்ட கையை வெட்டுதலினும் நோயைத் தீர்த்தலுக்கே பொறுமை வேண்டும்.

ஸெவானி தன்னை ஒத்த சிறு கல்லூரிகளோடு ஆடலாயிற்று. 1957-இற் பயிற்றாசிரியராக வந்த ஷர்லி மேஜர்ஸ் என்பார் இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்பணியில் இருந்தார். அவர் காலத்தில் 1958-ஆம் ஆண்டிலும் 1963-ஆம் ஆண்டிலும் குழு தோல்வியே காணாது ஆண்டை முடித்தது. 1962-இல் சென்டர், வாஷிங்டன் அண்டு லீ முதலிய கல்லூரிகளோடு கூடிப் புதியதொரு சங்கம் அமைத்தது. 1969-இல் பெண்களும் கல்லூரியிற் சேர்க்கப்பட்டனர். 1973-இல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்கள் மூன்று பிரிவாக வகுக்கப்பட்டபோது, ஆட்டத்துக்கென உதவிப்பணம் வழங்காத மூன்றாம் பிரிவே ஸெவானிக்கு உரியதாயிற்று. 1940-இல் தனித்து நின்று கொண்ட கொள்கை, ஒரு தலைமுறைக்குப் பின் பல நூறு கல்லூரிகளுக்குப் பொது விதியாக அமைந்ததைக் காண்க.

1891 முதல் ஆடிவரும் அப்பழைய களத்திலேயே அக்கல்லூரி மாணவர் இன்றும் ஆடுகின்றனர். அவர்களுட் பந்தாட்டத்தாற் பிழைக்க எண்ணுவோர் அரியர். வகுப்பு முடிந்தபின் களம் புகுந்து, ஆட்டம் முடிந்தபின் நூலகம் புகுவோரே அவர்.

முடிவுரை

1899-ஆம் ஆண்டையும் 1940-ஆம் ஆண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவோம். எது கல்லூரியின் பெருமை? ஆறு நாட்களில் ஐவரை வென்றதே என்பர் பலர். யாமும் அதனைக் குறைத்துக் கூறோம். களைத்த உடம்போடு மீண்டும் மீண்டும் களம் புகுந்த அவ்விளைஞரின் உரன் வியக்கத்தக்கதே. ஆனால் அவ்வெற்றிக்கு வேண்டியது ஆறு நாளைத் துணிவு. எட்டு ஆண்டு தோற்றபோதும் பணங்கொடுத்து வெற்றியை வாங்க மறுத்து, ஊரார் நகைப்பைப் பொறுத்து, பின் தன் அளவறிந்து விலகி, விலகியும் ஆட்டத்தை விடாது நின்றதற்கு வேண்டியதோ வேறொரு துணிவு.

வாகைத்திணைக்கு இலக்கணம் கூறவந்த தொல்காப்பியனார், அதனைப் போர்க்களத்து வெற்றி ஒன்றற்கே உரிமையாக்கவில்லை. குற்றமற்ற கோட்பாட்டோடு அவரவர் தத்தம் கடமையில் மேம்படுதலே வாகை என்பது அவர் கருத்து. அரசனுக்கும் வாகை உண்டு, உழுவோனுக்கும் உண்டு, அறிவனுக்கும் உண்டு. அவ்விலக்கணத்தை அளவுகோலாகக் கொள்ளின், கல்லூரிக்கு உரிய வாகை யாது? கற்பித்தலும் கற்றலும் குன்றாது, உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே வளர்த்தலன்றோ? அங்ஙனமாயின், ஸெவானி தோற்றுக்கொண்டே வாகை சூடிய கல்லூரி என்னலாம்.

தன் முன்னோர் செய்த தவற்றை 2020-இல் வாய்திறந்து ஒப்புக்கொண்டதும் அவ்வகைத் துணிவின்பாற்பட்டதே. வெற்றிப் பலகையைச் சுவரில் மாட்டுதல் எளிது. அதன் அருகே குற்றப் பட்டியலையும் மாட்டுதல் எளிதன்று.

நம் கல்லூரியும் சிறியதே. பெரிய கல்லூரிகளோடு ஆடித் தோற்று, மாலையிற் புழுதி படிந்த காலோடு விடுதிக்குத் திரும்பிய நாட்கள் நமக்கும் உண்டு. கோப்பைக்காக வெளியாளை நம்மவனென்று பெயர் பதிந்து ஆட்டினால் என்ன என்று யாரேனும் மெல்லக் கேட்ட நாட்களும் இருக்கலாம். அத்தகைய வேளையில் மலைமேலிருந்த அச்சிறு கல்லூரியை நாம் நினைத்துக்கொள்வோமாக. தோற்றவன் மறுநாளும் களத்துக்கு வரலாம். தன்னை விற்றவனுக்கு வருவதற்குக் களம் இல்லை.